குடமும் உலையும்

கேமரன் மலையில் திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும், சுற்றுவட்டாரத்துத் தேயிலைச் சரிவுகளும், ஒரு தமிழ்ப்பள்ளியும் உள்ள ஊர். விடியற்காலைக் குளிரில் அங்கே முதலில் எரிவது அடுப்படி விளக்கு. சோறு வடித்து, குழம்பு கூட்டி, பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டி, படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் ஒரு பெண் வேலைக்குக் கிளம்புகிறாள். நாட்டின் கணக்குப்படி அவள் அன்றைக்கு இன்னும் எதையும் உற்பத்தி செய்யவில்லை.

உற்பத்தி தராசில் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, நொதித்து, காய்ந்தால் 1 கிலோ தேயிலை கிடைக்கும். விற்ற விலையில் உரம், டீசல், அட்டைப்பெட்டி ஆகியவற்றின் செலவைக் கழித்தால் நிற்பது கூட்டிய மதிப்பு. மலேசியப் புள்ளிவிவரத் துறை அதைப் பகாங் மாநிலக் கணக்கிலும் நாட்டுக் கணக்கிலும் ஏற்றுகிறது. அதே தேயிலை கப்பலேறினால் வணிகப் புள்ளிவிவரத்துக்குள் நுழையும். உலகம் முழுவதும் சுங்கத்தில் தேயிலைக்கு எண் 0902. அதற்குள் பச்சைத் தேயிலை வேறு, கறுப்புத் தேயிலை வேறு. அந்தப் பிரிவுக்குள்ளும் பொட்டலம் 3 கிலோவுக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்று பார்த்துத் தனித்தனி எண் கொடுக்கிறார்கள். பொட்டலத்தின் எடைவரை கவனிக்கத் தெரிந்த கணக்கில், விடியற்காலை அடுப்படிக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

இது கவனக்குறைவால் நேர்ந்ததில்லை, எழுதி வைத்த விதி. நாடுகளின் உற்பத்தியை ஒரே முறையில் அளக்க ஐ.நா. 1953-இல் ஒரு கணக்கு முறையை வகுத்தது. 1993-இல் திருத்திய பதிப்பின்படி, வீட்டுக்காகத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தி. விறகு பொறுக்கி வருவதும் உற்பத்தி. அந்த விறகை மூட்டி, அந்தத் தண்ணீரில் உலை வைத்துச் சோறாக்கினால் அது உற்பத்தி ஆகாது. குடம் இடுப்பில் இருக்கும்வரை அவள் உழைப்பாளி. இறக்கி வைத்ததும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

விதியை எழுதியவர்கள் காரணமும் சொன்னார்கள். வீட்டு வேலைக்குச் சந்தையில் விலை இல்லை. ஊகித்து ஒரு விலை போட்டுச் சேர்த்தால் அந்தப் பெருந்தொகையில் விலைவாசியும் வேலையின்மையும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்றார்கள். இது அற்பமான காரணமில்லை. ஆனாலும் கோடு போட்ட இடம் உறுத்துகிறது.

பழைய தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. கொழுந்துக்கோ பால்மரத்துக்கோ போகும் தாய், கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு ஓர் ஆயா இருப்பார். அவருக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. ஆகவே அந்தத் தாலாட்டு நாட்டின் உற்பத்தி. அதே குழந்தையை லயத்தில் பாட்டி தூக்கி வைத்துக்கொண்டால் உற்பத்தி பூச்சியம். இன்று இந்த மலைகளில் வேலை செய்பவர்களில் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்கள் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் யாரோ ஒரு பாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள். தொழிலாளியின் உழைப்பு மலேசியக் கணக்கில் ஏறுகிறது. பாட்டியின் உழைப்பு எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. நாடுகளைத் தரவரிசைப்படுத்தும்போதும் இதே கோளாறு பின்னால் வருகிறது. கடையில் வாங்கி உண்ணும் நாடு, அதே சோற்றை வீட்டில் ஆக்கும் நாட்டைவிடப் பணக்கார நாடாகத் தெரியும்.

அந்த வேலைக்கு விலை போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் பொருளாதாரம் சமயத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறது. அன்பால் செய்ததை விலைப்படுத்தினால் அது அன்பாக இருக்குமா என்பது தமிழ் மனத்துக்குப் பழகிய கேள்வி. அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார், கூலிக்காகச் செய்யவில்லை. மாரியம்மன் திருவிழா அன்னதானத்தில் கடையில் வாங்கிய அரிசி நாட்டுக் கணக்கில் வருகிறது. இரவெல்லாம் காய் நறுக்கிய கைகள் வருவதில்லை. நறுக்கியவர்களும் அதைக் கேட்கப் போவதில்லை. தாயின் வேலைக்கு ரிங்கிட்டில் மதிப்புச் சொன்னால் கூச்சம் வருவது இயல்பு.

அந்தக் கூச்சத்துக்கு விடை தேடியவர்களில் ஒருவர் தணிக்கையாளர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த ஜே.சி. குமரப்பா. கிறிஸ்தவர், காந்தியோடு சேர்ந்தவர். சிறையில் இருந்தபடி எழுதிய இரு நூல்களில் ஒன்று ஏசுவின் போதனையைப் பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. பின்னதில் அவர் உயிர்களின் பொருளாதாரத்தை, பிறர் உடலை உறிஞ்சி வாழ்வதில் தொடங்கிப் படிப்படியாக அடுக்குகிறார். உச்சப்படியில் இருப்பது சேவை. அதற்கு அவர் காட்டும் உதாரணம், பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை. பேரேடு எழுதப் பழகிய ஒருவர், பேரேட்டில் பூச்சியமாக நிற்கும் வேலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார் என்பது சாதாரணச் செய்தியில்லை. உலகப் புள்ளிவிவரக்காரர்களிலும் இந்த உறுத்தல் உள்ளவர்கள் உண்டு. அமெரிக்காவுக்குத் தேசிய வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ், அந்தத் தொகையிலிருந்து மக்களின் நல்வாழ்வை ஊகித்துவிட முடியாது என்று 1934-லேயே எச்சரித்தார்.

மதுரையில் இதற்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. வைகை கரையை உடைத்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கட்டளையிட்டு, கரையை அளந்து பங்கு பிரித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு பங்கு. ஆள் வைக்க அவளுக்கு யாரும் இல்லை. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு சிவனே கூடை தூக்கி வந்தான். ஐ.நா. முறையில் பொருளாகக் கொடுத்த கூலியும் கூலிதான். அந்தப் பிட்டு கணக்கில் நிற்கும். பாண்டியனின் அளவில்தான் பிழை. எல்லா வீட்டுக்கும் ஒரே பங்கு என்பது பார்க்க நேர்மையாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. பங்கு அடைபடவில்லை என்று பாண்டியன் அடித்த பிரம்படி அந்தக் கூலியாளின் முதுகோடு நிற்காமல் எல்லா உயிரின் மேலும், அரசன் மேலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல். அளவு ஓரிடத்தில் தவறினால் வலி எங்கெல்லாம் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பொருளாதார நூல் குறைவு.

கேமரன் மலையிலும் மண் சுமக்கிறார்கள். காடு வெட்டிச் சமன்படுத்திய சரிவுகளிலிருந்து மழை அடித்து வரும் மண், 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. 2013 அக்டோபரில் பெருமழைக்கிடையே அணை திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. நிலத்தைத் திருத்தி விளைவித்த காய்கறி உற்பத்திக் கணக்கில் கூடுகிறது. ஏரியைத் தூர்வாரும் கூலியும் கூடுகிறது. போன மண் எங்கும் கழிவதில்லை. ஐ.நா. முறையின் 2025 பதிப்பு, இயற்கை வளம் தீர்வதை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கிறது. ஆனால் அது நிகர உற்பத்தியில்தான். செய்திகளில் அடிபடும் மொத்த உற்பத்தி எண் பழையபடியே இருக்கும்.

எண்ணுவதும் விலை போடுவதும் ஒன்றாகிவிட்டதுதான் சிக்கலின் முடிச்சு. பணமாக்காமலே வேலையை மணியாலும் நிமிடத்தாலும் எண்ணலாம். அன்பு அதனால் குறைந்துவிடாது. இந்தியா 2019-இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் அதைச் செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அந்தப் படிவத்தில் ஒரு நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிவரை, அரை மணிக்கு ஒரு கட்டமாக நிரப்புகிறார்கள். கோலா தெர்லாவின் அடுப்படி விளக்கு, அந்தத் தாளின் முதல் சில கட்டங்களுக்குள்ளேயே வந்துவிடும்.