அறியாமல் மிதித்தல்



பஞ்சசீலத்துள் முதலாவது கொல்லாமை. "வேண்டுமென்று கொன்றால்தானே குற்றம்? மழையிரவில் வண்டிச் சக்கரத்தில் தவளை நசுங்கினால் நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் வினவுகின்றனர். எண்ணமின்றி நேர்ந்த கொலையால் சீலம் கெடாது என்பது மெய்யே. ஆயினும் பகவான் அவ்வளவில் நின்றாரா?

விநய பிடகத்து மகாவக்கம் கூறும் வரலாற்றை நோக்குங்கள். ஆதியில் பிக்குகள் மழைக்காலத்தும் ஊர்தோறும் நடந்தனர். பசும்புல்லும் சிற்றுயிர்களும் அவர்தம் காலடியில் மடிவதாக மக்கள் குறை கூறினர். பிக்குகளுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. அதனைச் சொல்லிப் பகவான் அம்மக்களின் வாயை அடைக்கவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குமாறு சங்கத்திற்கு விதி வகுத்தார். அதுவே வஸ்ஸாவாசம்.

அம்மழையே தவளையினத்திற்கு யாத்திரைக் காலம். அவற்றின் தோல் ஈரத்தை வேண்டுவது. முட்டையோ நீரில் இடப்படுவது. ஆகவே மழையிரவில் குளத்தை நாடிப் புறப்படுகின்றன. இடையே சாலை குறுக்கிடுகின்றது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆமெர்ஸ்ட் என்னும் ஊரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பல்லியின் வடிவும் தவளையின் ஈரத்தோலும் உடைய சாலமாண்டர் என்னும் உயிர், வசந்தத்தின் முதல் மழையிரவுகளில் காட்டைவிட்டு ஹென்றி தெருவைக் கடந்து குட்டைக்குச் செல்லும். வண்டிகளில் சிக்காவண்ணம் அவற்றை அன்பர்கள் கையிலெடுத்து மறுபுறம் விட்டனர். பின்னர் 1987-ஆம் ஆண்டில் தெருவின் கீழே 2 சிறு சுரங்க வழிகள் அமைக்கப்பட்டன. தாழ்ந்த வேலிகள் அவற்றை வழிக்குள் செலுத்தும். உள்ளே ஈரம் இறங்குமாறு மேல்மூடியில் துளைகளும் விடப்பட்டன. இவ்வாறு இரக்கம் ஓர் ஏற்பாடாயிற்று.

அன்பர்களே! நம் முன்னோரை மிதித்தவருள் பலர் தாம் கொடுமை செய்வதாக எண்ணியதேயில்லை, வழக்கம் என்றனர். 'எண்ணவில்லை' என்னும் சொல் மிதிபட்டவனுக்கு என்ன ஆறுதல் தந்தது? 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டிக் காப்பதும் ஒன்று. அவ்வுறுதி சாலையிலும் நம்மைக் கட்டும்.

ஆகவே, மழையிரவில் ஏரிக்கரைச் சாலையில் வண்டியை மெல்லச் செலுத்துங்கள். பிற வண்டிகள் வாராமை கண்டு, நனைந்த கையால் தவளையை எடுத்து, அது நோக்கிய திசையிலேயே விடுங்கள். ஆண்டுதோறும் அவை நசுங்கும் இடம் தெரிந்தால், ஊராட்சியாரிடம் கூடிச் சென்று சாலையின் கீழ் வழி கேளுங்கள். அறியாதவரை அது விபத்து. அறிந்தபின் அது நம் பொறுப்பு.

சாது! சாது! சாது!