யார் சொல்லும் புத்தியைக் கேட்பது?



எங்கள் நிழல்தாங்கலில் முற்றம் பெருக்குவதும், விளக்குக்கு எண்ணெய் விடுவதும், ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மத்துக்கு விறகு கீறிப் போடுவதும் என் பணிவிடை. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. தாங்கலுக்கு வருகிறவர்கள் அடிக்கடி என்னிடம் ஒன்று கேட்பார்கள்: "அண்ணாச்சி, ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள். யார் சொல்லைக் கேட்க?" இதற்கு என் காலைக் காட்டித்தான் நான் பதில் சொல்ல முடியும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், விறகு கீறும்போது சிராய் ஒன்று வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை அந்தச் சமயம் ஒழுங்காகப் போடாமல் விட்டிருந்தேன். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று இருந்தேன், ஆறவில்லை. விரலைச் சுற்றிக் கறுத்தது. ஆனால் வலி இல்லை. வலி இல்லாததால் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி மரத்துப்போகும், அதனால் புண் அழுகினாலும் வலி தெரியாது என்பதைப் பிறகுதான் டாக்டர் சொன்னார்.

மூன்று பேர் புத்தி சொன்னார்கள். நான் மிகவும் மதிக்கும் பெரியவர் ஒருவர், "நாமத்தைத் தொட்டு வை, பதம் குடி, அய்யா பார்த்துக்கொள்வார்" என்றார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த மைத்துனன், "திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், செலவு ஆனால் ஆகட்டும்" என்றான். மூன்றாவது ஆள், தாங்கலில் பாத்திரம் கழுவ வரும் ஒரு தங்கச்சி. அதிகம் பேசாதவள். நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத வச்சிட்டு இருக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் விரல்லதான் தொடங்கிச்சு, முட்டு வரைக்கும் எடுத்தாங்க. இங்க பக்கத்துல சர்க்கார் ஆஸ்பத்திரிக்காவது போங்க" என்றாள்.

சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பெரியவர் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் அதை நம்பிக்கை என்று சொன்னேன். 19 நாள் கழித்துக் காய்ச்சலோடு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

கட்டிலில் கிடந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. எனக்குக் கத்தி என்றால் பயம். கையில் காசும் இல்லை. மைத்துனனிடம் வாங்கினால் நாளைக்குச் சொல்லிக்காட்டுவான் என்ற எண்ணம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று மனம் முன்னமே முடிவு கட்டிவிட்டது. அதற்கு ஒத்து ஊதும் வாய் ஒன்று தேவைப்பட்டது. அதனால்தான் பெரியவரிடம் போனேன். அவரிடமும் முழுவதையும் சொல்லவில்லை. சின்ன முள் கீறல் என்றுதான் சொன்னேன். சர்க்கரையையும் சொல்லவில்லை, மாத்திரை விட்டதையும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிக் கேட்டால் பாதிக்குத்தான் பதில் வரும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த வருடம் கார்த்திகையில் 17 நாள் திரு ஏடு வாசிப்புக்குக் காலில் கட்டோடு சுவாமிதோப்புப் பதியில் உட்கார்ந்திருந்தேன். பூவண்டர் புத்தி சொல்லும் பகுதி வந்தது. அய்யாவைப் பிடித்துவரக் கலிநீசன் முனைந்தபோது, ஆயர் குலத்துப் பூவண்டர், நாராயணர் எந்தக் குலத்திலும் வரலாம், அவரைத் தொடவேண்டாம் என்று எடுத்துச் சொல்லுகிறார். அரசனுக்குக் கோபம்தான் வருகிறது. எத்தனையோ தடவை கேட்ட இடம். ஒவ்வொரு தடவையும், இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று அரசனை நினைப்பேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்டவன் அவன் ஒருவன் மட்டும் இல்லையே. அதோடு, அதே வார்த்தையைப் பெரியவர் சொல்லியிருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். பாத்திரம் கழுவுகிறவள் சொன்னதால் காதோடு விட்டேன். தாழ்ந்தவர் உயர்ந்தவர் பார்க்காதே என்று சொன்ன அய்யாவின் முற்றத்தில் நின்றுகொண்டு அதைச் செய்தேன்.

நாமத்தையும் பதத்தையும் நம்பாதே என்று நான் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். அறுவைக்குப் போகும்போதும் நெற்றியில் நாமம் இட்டுத்தான் போனேன். மாத்திரை போடுவது அய்யாவை நம்பாத செயல் என்று மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக அந்தத் தங்கச்சி சொல்லுவதை எல்லாம் கேட்கிறேன் என்றும் இல்லை. என் மகளை நர்சிங் படிக்க வெளியூர் ஹாஸ்டலில் சேர்க்கும்போது, "பொம்பளப் பிள்ளைய வெளியே விடாதீங்க" என்று மன்றாடினாள். அவளுடைய அக்கா மகளுக்கு நடந்த ஒரு துயரம் அவள் மனதை விட்டுப் போகவில்லை. புண் விஷயத்தில் அவள் பட்டதும் என்னுடையதும் ஒன்று. இதில் அவள் வீட்டுக் கதை வேறு, என் மகள் வேறு. பொறுமையாகக் கேட்டேன், ஹாஸ்டலை நேரில் போய் இரண்டு தடவை பார்த்தேன், பிறகு சேர்த்தேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மற்றபடி "ஊர் என்ன சொல்லும்" என்று தொடங்குகிற புத்திகளும் நிறைய வந்தன. அவற்றுக்கு ஒரு சிரிப்புப் போதும்.

இப்போது ஏதாவது முடிவு எடுக்கவேண்டி வந்தால், பணிவிடை முடிந்து ஆள் போனபிறகு, பள்ளியறைக் கண்ணாடிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நிற்பேன். இவரிடம் கேட்கப்போவதற்கு முன்னால் எதை ஆசைப்படுகிறாய், எதை மறைக்கப் பார்க்கிறாய் என்று என்னையே கேட்பேன். எல்லா நாளும் நேர்மையான பதில் வருவதில்லை. வருகிற நாளில், யாரிடம் போகக்கூடாது என்று நினைத்தேனோ அவரிடம் முதலில் போகிறேன்.

என்னிடம் புத்தி கேட்டு வருகிறவர்களையும், இதற்கு முன் வேறு யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

தங்கச்சி இன்றும் பாத்திரம் கழுவ வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மம் முடிந்ததும், "கால காட்டுங்க" என்பாள். திண்ணையில் உட்கார்ந்து நீட்டிக் காட்டுகிறேன்.