பிணியும் பணியும்

உடல்நலம் குன்றியதால், எதிர்பாராத ஒரு நாளில், செய்துவந்த தொழிலை விட்டு நீங்க நேர்ந்தவன் எதை இழக்கின்றான்? கூலியை இழக்கின்றான் என்பது யாவரும் கூறும் விடை. அது முழு விடையன்று. விடியலில் எழுவதற்கு இருந்த காரணம், உடன் உழைத்தாரின் தோழமை, வீட்டில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பு, 'என்ன வேலை செய்கின்றீர்?' என்று பிறர் வினவுங்கால் கூறுதற்கு ஒரு சொல் ஆகிய இவை யாவும் ஒருங்கே நீங்குகின்றன. முதுமையால் ஓய்வு பெறுவோன் ஆண்டுக்கணக்கில் மனத்தைப் பக்குவப்படுத்திக் கொள்கின்றான். மாலையிட்டு அவனை வழியனுப்புகின்றார்கள். நோயால் விலகுவோனுக்கு அந்த அவகாசமும் இல்லை, மாலையும் இல்லை. ஆதலின் அவன் உள்ளத்தில் துயரும் சினமும் நாணமும் கலந்தெழுதல் இயல்பே. அதனைக் கோழைமை என்று இகழ்வது அறியாமையாகும்.

கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் இதனை நன்கறிவர். 1880-களில் தொடங்கி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்ட வரை, பாறையைத் துளைக்குங்கால் எழுந்த தூசி பலர் நுரையீரலிற் படிந்தது. சிலிகோசிஸ் என்னும் அந்நோய், தூசியை விட்டு விலகிய பின்னரும் வளரவல்லது. நுரையீரலில் விழுந்த வடுவை நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. இன்று அவர்தம் மக்களும் பேரப் பிள்ளைகளும் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கச் செல்கின்றனர். தொழில் மாறிற்று, உடம்பு ஒருநாள் மறுத்துவிடக்கூடும் என்னும் உண்மை மாறவில்லை.

இத்தகையோனிடம் சென்று, 'எல்லாம் முன்வினைப் பயன்' என்று ஆறுதல் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கூறலாமா? சம்யுத்த நிகாயத்தில் துறவி ஒருவர் பகவன் புத்தரை இது குறித்தே வினவுகின்றார். மனிதன் நுகரும் இன்ப துன்பம் அனைத்தும் முன்செய்த வினையால் வருவனவே என்னும் கொள்கையைப் பகவர் ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைப் பேணுவதில் நேரும் ஒழுங்கின்மை, பிறரால் நேரும் தாக்குதல் என ஏழு காரணங்களைத் தனியே எண்ணி, வினைப்பயனை எட்டாவதாகவே வைத்தார். கல்தூசியால் வந்த நோயைக் கல்தூசியால் வந்தது என்றே சொல்லவேண்டும். பழியை நோயாளியின் முற்பிறப்பின்மேல் ஏற்றுதல் தம்மமன்று.

இனி, கடினமான வினா ஒன்றுண்டு. பிறப்பால் எவனும் உயர்ந்தவனல்லன், செயலாலேயே உயர்கின்றான் என்பது நாம் போற்றும் போதனை. அங்ஙனமாயின், செயலற்றுக் கிடப்பவனுக்கு உயர்வு ஏது என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வி, 'செயல்' என்னும் சொல்லைக் 'கூலிவேலை' என்று குறுக்கிக்கொண்டதால் பிறந்தது. பகவர் செயல் என்றது சேதனையை, அதாவது உள்ளம் கொள்ளும் நாட்டத்தை. படுக்கையிற் கிடந்தும் ஒருவன் பொய் தவிர்க்கலாம், பிறன் நலம் நாடலாம், வெகுளியை அடக்கலாம். இவையும் செயலே. அன்றியும், இன்ன குலத்தானுக்கு இன்ன தொழில் என்று வகுத்து, அத்தொழிலைக்கொண்டே மனிதனை அளந்த அளவுகோலை மறுத்து வந்தவர்கள் நாம். அதே அளவுகோலை நம்முள் நோயுற்றான்மேல் வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

அம்பு தைத்தவனைப் பற்றிய உவமை நாம் அறிந்ததே. உடலின் நோவு முதல் அம்பு. அதனையெண்ணிப் புலம்பும் நோவு இரண்டாவது அம்பு. முதலம்பு நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. இரண்டாவதைப் பயிற்சியால் தடுக்கலாம். ஆயினும் இவ்வுவமையை உடல்நலமுடையோர் நோயாளியின் வாயை அடைக்கப் பயன்படுத்தலாகாது. பொறுமை வேறு, உரிமையைக் கைவிடுதல் வேறு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தொடர்ந்த நோயால் ஒருவனை வேலையினின்று விலக்குவதை 'ஆட்குறைப்பு' என்பதன் பொருளில் சேர்க்காது விட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பணிக்காலத்தில் உடற்குறை எய்திய ஊழியரை அரசு நிறுவனம் விலக்கலாகாது என்றும், இயலாத வேலைக்கு மாற்றாக அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டுமென்றும் விதித்தது. இது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய விதி. ஆகவே, சேரவேண்டிய இழப்பீட்டை அமைதியான மனத்தோடு கேட்டுப் பெறுதல் ஆசையுமன்று, சினமுமன்று.

விநயத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுநோயால் நலிந்து, தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவர் கண்டார். பேணுவார் இல்லையா என்று வினவினார். தாம் மற்ற பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்வதில்லை, ஆதலின் அவர்கள் தம்மைப் பேணுவதில்லை என்றார் அவர். வேலையிழந்த ஒவ்வொருவனின் நெஞ்சிலும் உறையும் அச்சம் இதுவன்றோ! பகவர் அக்கணக்கை ஒப்பவில்லை. தாமே நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார், இருவருமாக அவரைத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். பயன்படுவோனுக்கே பரிவு என்பது சந்தை நெறி. சங்க நெறி அதுவன்று.

ஆகவே நோயுற்று வீடு திரும்பியவரிடம், 'மறுபடி எப்போது வேலைக்கு?' என்னும் கேள்வியோடு செல்லாதிருப்போம். அவர் விரும்பினால் பேசுவோம். விரும்பாவிடின் அருகில் அமர்ந்திருப்போம். மருத்துவமனைக்கும் இழப்பீட்டு அலுவலகத்துக்கும் உடன் செல்வோம். அவர் கற்ற தொழிலறிவை இளைஞர்க்குச் சொல்லவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும், உடல் இடங்கொடுக்கும் அளவில் இடமளிப்போம். அதுவும் இயலாத நாளிலும், நம் கூட்டத்தில் அவர் அமரும் இடம் அவருக்கே உரியதாக இருக்கட்டும்.