கப்டனும் சீட்டு மேசையும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி இப்பக்கத்தில் நாம் எழுதுவது அரிது. எழுதியபோதெல்லாம் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறதே, செபமாலை சொல்லும் நேரத்தை அது விழுங்கிவிடுகிறதே என்று குறைப்பட்டுக் கொண்டதுதான் மிச்சம். இம்முறை ஒரு தொடரின் கடைசிக் காட்சியை முன்வைத்து ஒரு கேள்வியை ஆராய வேண்டியிருக்கிறது. கேள்வி நம்முடையதன்று. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கும் ஓர் இளைஞருடையது.

அவர் அதே தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர். தாயார் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. வேலை கிடைத்து உத்தியோகத்தர் குவாட்டர்ஸுக்குக் குடிபோன அன்றே அவருக்குக் கிடைத்த அறிவுரை, "பொழுது சாய்ந்த பிறகு லயப்பக்கம் போகாதே, போனால் உன் சொல்லுக்கு மதிப்பிருக்காது" என்பது. லயத்தில் அவருடைய பழைய கூட்டாளிகள் மாலையில் கரம் விளையாடுவார்கள். இரண்டு வருடமாக அவர் அங்கே போகவில்லை. தனிமையில் பொழுதைப் போக்கக் கைத்தொலைபேசியில் ஒரு பழைய ஆங்கிலத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்திருக்கிறார். ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் வந்து நின்றார். "சாமி, அந்தக் கப்டன் ஏழு வருசம் கழிச்சுத்தான் சீட்டாடுற மேசைக்குப் போய் உக்கார்றாரு. முந்தியே போயிருக்கணுமா, இல்ல, போகாம இருந்ததுதான் சரியா?" என்று கேட்டார்.

வாசகர்களில் பலர் அத்தொடரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகையால் சுருங்கச் சொல்லி விடுவோம். ஜீன் ரொடன்பெரி என்ற அமெரிக்கர் 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளிக் கதைத் தொடரைத் தொடங்கினார். அது மூன்றாண்டுகளில் நின்று போயிற்று. பின்னர் 1987 செப்டெம்பரில் 'அடுத்த தலைமுறை' என்ற பெயருடன் புதிய பாத்திரங்களைக் கொண்டு அது மீண்டும் தொடங்கி, ஏழு பருவங்கள், 178 அத்தியாயங்கள் ஓடி, 1994 மே மாதத்தில் நிறைவுற்றது. இருபத்துநான்காம் நூற்றாண்டில் 'என்டர்பிரைஸ்' என்ற விண்கலமும் அதன் தலைவர் ஜான் லூக் பிக்கார்டும் சந்திக்கும் அனுபவங்களே கதை. ரொடன்பெரி 1991இல் காலமானார், முடிவைக் காணவில்லை.

இவையெல்லாம் நமக்குத் தூரத்து விஷயங்கள் என்று எண்ண வேண்டாம். இலங்கையில் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆதர் சி. கிளார்க், நம் சிவனொளிபாத மலையை மனதிற் கொண்டே, விண்ணுக்கு ஏறும் கோபுரமொன்றைப் பற்றி 1979இல் நாவல் எழுதினார். பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று அவர் 1945இல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. இன்று லயத்துத் தகரக் கூரைகளின் மேல் வானத்தைப் பார்த்திருக்கும் தட்டுகள் நோக்குவதும் அந்தப் பாதையைத்தான். நிற்க.

தொடரின் முதல் அத்தியாயத்தில் 'கியூ' என்ற ஒருவன் வருகிறான். மனிதனல்லாதவன், காலத்தையும் இடத்தையும் கையில் வைத்து விளையாடுபவன். மனித குலம் முழுவதையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போவதாக அவன் பிக்கார்டிடம் சொல்கிறான். ஏழு வருடம் கழித்துக் கடைசி அத்தியாயத்தில் அதே நீதிமன்றம் மறுபடியும் கூடுகிறது. வழக்கு முடியவே இல்லையாம். தீர்ப்பு, குற்றவாளி என்பது. மனித குலம் இல்லாமற் போகும், அதற்குக் காரணமும் பிக்கார்டின் கையாகவே இருக்கும் என்கிறான் கியூ.

அதன்பின் பிக்கார்டுக்குக் காலம் நிலைகொள்ளாமற் போகிறது. ஒரு நிமிடம் கலத்தில் முதன்முதலாகக் காலடி வைத்த நாள், மறு நிமிடம் இன்று, அடுத்த நிமிடம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், மூளை நோயுற்ற கிழவராகப் பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் நிற்கிறார். மூன்று காலத்திலும் விண்வெளியில் ஒரே இடத்தில் ஒரு பிளவு காணப்படுகிறது. வழக்கமாக எதுவும் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகும். இதுவோ பின்னோக்கி வளர்கிறது. எதிர்காலத்தில் சிறிது, இறந்த காலத்திற் பெரிது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னே போனால் பூமியையே மூடி, சேற்றுக் குட்டையில் முதல் உயிர் தோன்ற விடாமல் தடுத்து விடுகிறது. அப்பிளவை உண்டாக்கியதோ, அதை ஆராய்வதற்காக மூன்று காலத்திலும் பிக்கார்ட் அனுப்பச் சொன்ன கதிர்களே. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் தான் பிறக்கு முன்னமே தன்னை அழிக்கிறது. கதையின் விஞ்ஞானத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. கதை என்ற அளவில் அது நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் நம் மனதை அதிகம் உறுத்தியது அந்த எதிர்காலம்தான். அங்கே பழைய தோழர்கள் சிதறிப் போயிருக்கிறார்கள். ஆலோசகராக இருந்த பெண் இறந்துவிட்டார். அவரை நேசித்த இருவரும் பேச்சுவார்த்தையில்லாமல் வருடக்கணக்காகப் பிரிந்து கிடக்கிறார்கள். பிக்கார்டும் வைத்திய அதிகாரியும் மணம் முடித்துப் பிரிந்துவிட்டார்கள். நம் மலையகமும் சிதறலைக் கண்டதுதான். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாருக்குப் போன புகையிரதத்தை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே நம்மவர் அழைத்தனர். அங்கே இரு அரசுகள் கையெழுத்திட்டு உறவுகளைப் பிரித்தன. விண்கலத்து நண்பர்களைப் பிரித்ததோ எந்த ஒப்பந்தமுமன்று. ஒருவர் மற்றவரைப் போய்ப் பார்க்காமல் விட்டார்கள், அவ்வளவே.

இறுதியில் மூன்று காலத்துக் கலங்களும் பிளவுக்குள் புகுந்து, ஒவ்வொன்றாய் வெடித்து, அதை மூடுகின்றன. மனித குலம் பிழைக்கிறது. பிக்கார்ட் நன்றி சொல்லப் போனால், விசாரணை ஒருபோதும் முடிவதில்லை என்று கியூ சொல்லிவிடுகிறான். தீர்வை நாள் ஒன்று உண்டென்று சிறு வயது முதல் படித்த நமக்கு இது புதுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் இரவுதோறும் ஆன்ம சோதனை செய்து பழகியவர்களுக்கு இது அவ்வளவு புதிதுமன்று.

அதற்குப் பிறகு வருவதுதான் இளைஞர் கேட்ட காட்சி. கலத்தின் மூத்த அதிகாரிகள் சீட்டாடிக் கொண்டிருக்கிறார்கள். (சீட்டாட்டத்தை நாம் புகழ்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அவர்கள் உலகில் பணமே கிடையாது, வெறும் சில்லுகளை வைத்தே ஆடுகிறார்கள்.) 1989 தொடக்கம் அந்த ஆட்டம் நடக்கிறது. கப்டன் அதில் ஒருநாளும் கை வைத்ததில்லை. அன்று கதவைத் திறந்து வந்து, இடமிருந்தால் தானும் சேர்ந்து கொள்ளலாமா என்று கேட்கிறார். முதலில், ஏதோ விபரீதம் நடந்துவிட்டதோ என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். பிறகு இடம் விடுகிறார்கள். அவர் சீட்டைப் பங்கிட, ஏழு வருடக் கதை அதோடு முடிகிறது.

போகாமல் இருந்ததற்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1993இல் வந்த அத்தியாயமொன்றில், தான் நேசித்த பெண் அதிகாரியை உயிராபத்தான வேலைக்கு அனுப்ப வேண்டி வருகிறது பிக்கார்டுக்கு. அனுப்புகிறார், அவர் பிழைத்து வந்த பின் இருவரும் பேசிப் பிரிகிறார்கள், இன்னொரு முறை அப்படி அனுப்ப முடியாது என்பதற்காக. நம் இளைஞரின் நிலையும் இதுதான். மாலையில் தராசில் கொழுந்தை நிறுத்து, நோம் எட்டாதவருக்கு அரைப்பேர் போட வேண்டியவர் அவர். நேற்றிரவு யாரோடு கரம் விளையாடினாரோ, அந்த நண்பனின் தாயார்தான் இன்று கூடையோடு வந்து நிற்கிறார். கை நடுங்காதா? நடுங்கினால் தராசு நேராக நிற்குமா?

இன்னொரு அத்தியாயமும் உண்டு, 1990இல் வந்தது. பிக்கார்டைப் போலவே உருவெடுத்த ஒரு போலி கப்டன் கலத்தில் உலவுகிறான். விபரீதமான கட்டளைகளைப் பிறப்பிக்கும் அவன், ஒரு மாலை பானசாலைக்கு வந்து எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்துப் பாட்டும் பாடுகிறான். இவர் நம் கப்டன்தானா என்ற சந்தேகத்துக்கு அந்தப் பாட்டும் ஒரு காரணமாகிறது! நம் தோட்டங்களில் இதை விளக்கவே தேவையில்லை. துரை லயத்துக்கு வந்து சிரித்துப் பேசினால், ஏதோ வெட்டப் போகிறார்கள் என்றுதான் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். துரை வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, பாதையோரம் ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. இத்தனை நடந்தும் பங்களா மேட்டிலேயே இருக்கிறது, லயம் பள்ளத்திலேயே இருக்கிறது.

இடைவெளியே அதிகாரத்தைக் காக்கிறது என்றால், அந்தக் கடைசி அத்தியாயத்தையே சான்றுக்கு அழைப்போம். இறந்த காலத்தில் பிக்கார்டுக்குப் பதவி மட்டுமே இருந்தது. புதிதாய் வந்த கப்டன் காரணம் சொல்லாமல் கட்டளையிட்டபோது அவர்கள் தயங்கினார்கள். எதிர்காலத்திலோ அவருக்குக் கலமுமில்லை, கட்டளையிடும் உரிமையுமில்லை. சொல்வது நோயின் பிதற்றலாக இருக்கலாம் என்று அறிந்தே பழைய தோழர்கள் ஒவ்வொருவராய் வந்து சேருகிறார்கள். மறுத்தவர்களும் பின்னர் வருகிறார்கள். அவர்களை வரச் செய்தது அவருடைய பதவியா? அவர் ஏழு வருடம் காத்த இடைவெளியா? இரண்டுமன்று. அவர் தங்களிடம் நீதியாக நடந்தார் என்பதையும், தங்களை நேசித்தார் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே காக்க வேண்டியது தராசை. அதைக் காப்பதற்குப் பதிலாகத் தூரத்தைக் காப்பது மிகவும் இலேசான வேலை. முகம் தெரியாதவருக்கு அரைப்பேர் போடுவதில் வலியில்லை. ஆனால் நீதியான அரைப்பேரும் போடுகிறவருக்கு வலிக்கத்தான் வேண்டும். அந்த வலியிலிருந்து தப்புவதற்குத்தான் பல வேளைகளில் 'மதிப்பு' என்ற சொல்லை நாம் பயன்படுத்துகிறோம். 'நாம்' என்று அறிந்தே எழுதுகிறோம். லயத்து வீடு மந்திரிக்கப் போகும்போது வீட்டிலுள்ள ஒரே நாற்காலி நமக்கே போடப்படுகிறது. நாம் உண்டு முடியும்வரை வீட்டுக்காரர் சுவரோரம் நிற்கிறார். குருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை என்று பல வருடம் அதை ஏற்றுக்கொண்டோம். உட்காருங்கள் என்று ஒரு தடவையும் சொன்னதில்லை.

இளைஞரிடம் இவ்வளவையும் இப்படிக் கோர்வையாகச் சொல்லவில்லை. போகலாம், ஆனால் அந்தப் பலகைக்கு முன் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது, மறுநாள் தராசுக்கு முன் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"நான் உள்ள போனா எல்லாரும் எழும்பி நிப்பாங்களே, சாமி."

"அவங்க உக்கார்ற வரைக்கும் நீங்களும் நில்லுங்க, தம்பி."

"நிக்க எடமில்ல சாமி, கூரை இடிக்கும்" என்று சிரித்தார். "பலகை தரையிலதான் கெடக்கு. சாக்கு விரிச்சுத்தான் உக்காருவோம்."

'உக்காருவோம்' என்று அவர் சொன்னதை நாம் கவனித்தோம். அவர் கவனித்தாரோ இல்லையோ தெரியாது.