பெயரை வாங்கிப் போட்டு ‘விற்பனைக்கு’ன்னு போர்டு வைக்கலாமா?



கம்பம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. “அண்ணே, பின்னாடி உதவும்னு ஏழெட்டு டொமைன் வாங்கிப் போட்டிருக்கேன். சிலது பொதுப் பேரு. சிலது நம்ம பக்கத்துக் கோயில் பேரு, திராட்சைப் பேரு. ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ன்னு போர்டு போட்டா தப்பாண்ணே?”

சின்னக் கேள்விதான். ஆனா யோசிச்சா உள்ளே தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கு.

டொமைன் என்பது இணையதளத்தின் முகவரி. ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி வைத்துக்கொள்வது. முதலில் வருபவருக்கே கிடைக்கும். அந்தப் பெயருக்கும் உனக்கும் என்ன உறவு என்று பதிவு செய்யும்போது யாரும் கேட்பதில்லை. தளம் எதுவும் நடத்தாமல் சும்மா வைத்திருந்தால், பார்க் செய்திருக்கிறோம் என்பார்கள்.

சும்மா வைத்திருப்பவருக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, பேசாமல் இருப்பது. இரண்டு, அந்தப் பக்கத்தில் விளம்பரங்களை ஓடவிட்டு, தெரியாமல் வருகிறவர் கிளிக் செய்வதில் காசு பார்ப்பது. மூன்று, விற்பனைக்கு என்று வெளிப்படையாகச் சொல்வது. இந்த மூன்றில் நேர்மையானது போர்டு வைப்பதுதான். கோயில் பேரைத் தட்டி வரும் பக்தரைக் கண்ட விளம்பரத்துக்கும் தள்ளிவிடுவதைவிட, “இது என்னிடம் இருக்கு, வேணும்னா பேசுங்க” என்று சொல்வது எவ்வளவோ மேல்.

“போர்டு போடாதே, கேஸ் வந்தா அதையே சாட்சியா காட்டுவாங்க” என்று சிலர் யோசனை சொல்வார்கள். சட்டம் அப்படி ஒரு விஷயத்தைப் பார்க்கிறது என்பது உண்மைதான். 1999 முதல் நடைமுறையில் இருக்கும் உலக அளவிலான டொமைன் தகராறு விதிகளின்படி, ஒரு வணிகப் பெயருக்கு உரியவரிடமே, கைச்செலவுக்கு மேல் பணம் வாங்கி விற்பதற்காக அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்தால், அது கெட்ட எண்ணத்துக்கு அடையாளம். ஆனால் குற்றம் எண்ணத்தில் இருக்கும்போது போர்டை மட்டும் மறைத்தால் எண்ணம் சுத்தமாகிவிடுமா?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கியது. வேறொரு நிறுவனம் அதே ஓசையில் டொமைன் எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று 2004-ல் தீர்ப்பு வந்தது.

2024 அக்டோபரில் இன்னொன்று. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையலாம் என்று முன்கூட்டியே கணித்து, இரண்டு பெயரையும் சேர்த்து டெல்லி இளைஞர் ஒருவர் டொமைன் வாங்கியிருந்தார். தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே கடிதம் போட்டார். ஒளிவுமறைவு இல்லை. பிறகு அந்தப் பெயர் துபாயில் வசிக்கும் அண்ணன் தங்கை இருவர் கைக்குப் போனது. சின்னப் பிள்ளைகளான அவர்கள், காசே வேண்டாம் என்று ரிலையன்ஸுக்குக் கொடுக்க முன்வந்தார்கள்.

அந்த இளைஞரைத் திட்ட எனக்கு மனசில்லை. ரிலையன்ஸ் மாதிரி நிறுவனத்துக்கு வக்கீல் படையே இருக்கு, அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கவலை நம்ம பள்ளத்தாக்கைப் பற்றித்தான். ஐநா அமைப்பான வைப்போவில் ஒரு டொமைன் தகராறைத் தொடங்கவே குறைந்தது 1,500 டாலர் கட்டணம். ஒரு லட்ச ரூபாய்க்கும் மேல்! மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு வேலப்பர் கோயில் கமிட்டி அதை எங்கே போய்க் கட்டும்? சுருளிப்பட்டியில் திராட்சை போடுகிற சம்சாரி எந்த வக்கீலைப் பிடிப்பார்? சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் மனசாட்சிக்கு வேலை.

ஆகவே போர்டு வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயரை வாங்க எத்தனை பேர் வரக்கூடும்?

மாந்தோப்பு, மழைச்சாரல் மாதிரி பொதுச் சொல் என்றால் யாரும் வரலாம். ஒருவருக்கு விலை கட்டுப்படியாகாவிட்டால் வேறு பெயருக்குப் போய்விடுவார். அங்கே தாராளமாகப் போர்டு வையுங்கள், விலையையும் சேர்த்தே போடுங்கள். போடி ஏலக்காய் ஏலத்தில் விலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஆளைப் பார்த்து மாறாத விலை.

ஆனால் வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான், அவரும் அந்தப் பெயருக்கு மதிப்பு சேர்த்தவரே என்றால்? பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-லும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேருக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாடு இருக்கிறது. அவர்களிடமே அவர்கள் பெயருக்கு விலை பேசுவது வியாபாரம் ஆகாது. பிணை வைத்துப் பணம் கேட்பது அது.

“பைபாஸ் ஓரத்துல நிலம் வாங்கிப் போட்டு வித்தா மட்டும் சரியா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலத்தின் விலையும் ஊரார் உழைப்பால்தான் ஏறுகிறது. ஆனால் அந்த நிலம் இல்லாவிட்டால் பக்கத்து நிலம் இருக்கு. ஒரு கோயிலுக்கு இன்னொரு பேரு ஏது?

“நான் எடுக்கலைன்னா எவனாவது எடுத்துப் போலித் தளம் நடத்தி பக்தர்கள்கிட்ட காசு பிடுங்குவானே?” இதுவும் உண்மையே. அப்படியென்றால் நீங்கள் காவல்காரர். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவரை நினைத்துப் பாருங்கள். டோக்கனைக் காட்டினால் செருப்பைக் கொடுத்துவிடுவார். பார்த்துக்கொண்டதற்குக் கூலி கேட்பார், அது அவர் உரிமை. செருப்புக்கே விலை கேட்டால்? “உங்களைத் தவிர யாருக்கும் இது பொருந்தாது, ஐயாயிரம் கொடுங்க” என்றால் சும்மா விடுவோமா?

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பொதுப் பெயர்களுக்கு விலையோடு போர்டு வை. கோயில் பேருக்கும் திராட்சைப் பேருக்கும் போர்டை மாற்று: “இந்தப் பெயரைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். உரியவர்கள் வந்தால், பதிவுக்கு ஆன செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஒப்படைப்பேன்.” அவர்கள் வருகிற வரைக்கும் காத்திருக்காதே, நீயே போய்ச் சொல். பாதிப் பேருக்கு டொமைன்னா என்னன்னே தெரியாது.

முருகன் பெயரைச் சொல்லக் கட்டணம் இல்லை. அவன் கோயில் பெயருக்கு நாம் கட்டணம் வைக்க வேண்டாமே.

வேலும் மயிலும் துணை 🙏