புள்ளிகள் இல்லாத சிறகு

இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகளை மூடிய குறும்புல் வெளிகள் உண்டு. கோடை முதிரும் சூலை, ஆகஸ்டு மாதங்களில் அவ்வெளிகளின் மீது ‘சாக்ஹில் புளூ’ என்னும் சிறிய வண்ணத்துப்பூச்சி பறக்கின்றது. ஆணின் சிறகு வெள்ளியில் நீலத்தைக் கரைத்துப் பூசினாற்போல ஒளிரும். பெண்ணின் சிறகு பழுப்பு நிறமுடையது. சிறகுகளை மூடி அது புல்நுனியில் அமரும்போது, அடிப்புறத்தில் வெண்ணிற வளையம் சூழ்ந்த கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இதன் புழு, சுண்ணாம்பு நிலத்தில் படரும் அவரை இனச் சிறுசெடி ஒன்றை மட்டுமே உண்கின்றது. அப்புழு கசியவிடும் இனிய நீருக்காக எறும்புகள் அதனைச் சூழ்ந்து காவல் காக்கின்றன. இத்துணைச் சிறிய உயிரின் வாழ்வில் இத்தனை உறவுகள்!

ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ராய்ஸ்டன் என்னும் ஊரை ஒட்டிய புல்வெளி, 1930ஆம் ஆண்டுகளில் இவ்வண்ணத்துப்பூச்சிக்காகவே பெயர்பெற்றிருந்தது. கோடை விடுமுறையில் வலையும் பெட்டியுமாக மனிதர்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கு வந்து கூடினர். அவர்கள் தேடியது இயல்பான பூச்சியை அன்று. புள்ளிகள் நீண்டு கோடுகளாகிவிட்ட சிறகு, பழுப்பு நிறப் பெண்ணின் மேல் நீலம் பரவிய சிறகு, ஒருபுறம் ஆணும் மறுபுறம் பெண்ணுமாக அமைந்த உடல் ஆகிய பிறழ்வு வடிவங்களையே அவர்கள் தேடினர். 1938ஆம் ஆண்டில் பிரைட், லீட்ஸ் என்னும் இருவர், இந்த ஒரே இனத்தின் பிறழ்வுகளை மட்டும் தொகுத்துத் தனிநூலே வெளியிட்டனர். நூற்றுக்கணக்கான வடிவங்களுக்கு அதில் தனித்தனி இலத்தீன் பெயர்கள் இடம்பெற்றன.

இதனை வீண் வேலை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கொளுத்தும் வெயிலில் முதுகு வளைத்து ஆயிரம் சிறகுகளைப் பார்த்து, ஆயிரத்து ஒன்றாவது சிறகில் ஒரு புள்ளி குறைவதைக் கண்டுகொள்ளும் பொறுமை எளிதில் வாய்ப்பதன்று. கண்டதைத் தோழனுக்குக் காட்டி, இருவருமாக வியந்து மகிழும் நட்பும் எளியதன்று. ஒரே பொருளை அருகருகே நின்று நோக்குகின்ற இருவரிடையே, பேச்சினால் மட்டும் பிறக்காத ஒரு நெருக்கம் பிறக்கின்றது. அறிவியலுக்கும் இந்த ஆர்வலர்களால் விளைந்த நன்மை பெரிது.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி நம்மை உறுத்துகின்றது. அடிப்புறப் புள்ளிகள் முற்றும் மறைந்து, சிறகு வெறுமையாகத் தோன்றும் அரிய வடிவம் ஒன்று உண்டு. புள்ளிகளைக் கண்களாகக் கருதிய அறிஞர்கள், ‘பார்வையற்றது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக இட்டனர். சேகரிப்போர் பெரிதும் விரும்பித் தேடிய வடிவங்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய அரிய பிறழ்வுகள் இலண்டன் ஏலக்கூடங்களில் விலைபேசப்பட்டன. ‘பார்வையற்றது’ என்னும் சொல் வண்ணத்துப்பூச்சியின் மேல் விழுந்தபோது அதன் மதிப்பு உயர்ந்தது. அதே சொல் ஒரு குழந்தையின் மேல் விழும்போது நம் இல்லங்களில் என்ன நேர்கின்றது? அக்குழந்தையின் மதிப்பு உயர்கின்றதா? விருந்தினர் வரும் வேளையில் அது பின்கட்டுக்கு அனுப்பப்படுவதில்லையா? அக்காளுக்கு வரன் பார்க்க வரும்போது, மாறுபட்ட உடலோ மனமோ கொண்ட தம்பி அத்தை வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லையா? பிறழ்வு என்பது ஒன்றுதான். ஓரிடத்தில் அது புதையலாகின்றது, பிறிதோரிடத்தில் பழியாகின்றது. இது ஏன் என்பதே நம் கேள்வி.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இக்கேள்வியின் வாயிலிலேயே நிற்கின்றது. இயேசு வழியில் செல்கையில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காண்கின்றார். சீடர்களும் காண்கின்றனர். ஆனால் சீடர்கள் கண்டது ஒரு வழக்கு. குற்றவாளி அம்மனிதரா, அவரைப் பெற்றவர்களா என்பதே அவர்களுடைய வினா. இயேசு கண்டது ஒரு மனிதரை. பாவத்தின் கணக்கை அம்மனிதர் மீதும் அவருடைய பெற்றோர் மீதும் எழுத அவர் மறுத்துவிடுகின்றார். அம்மறுப்பு ஈராயிரம் ஆண்டுகளாக நம் செவிகளில் விழுந்துகொண்டிருந்தும், “எந்தப் பிறவியில் செய்த பாவமோ” என்னும் சொல் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் ஒலிக்கத்தானே செய்கின்றது!

முதலில், இயல்பு என்றும் பிறழ்வு என்றும் நாம் வகுக்கும் கோடு எத்தகையது என்று ஆராய்வோம். வண்ணத்துப்பூச்சியின் சிறகு ஓடுகளை அடுக்கினாற்போன்று நுண்ணிய செதில்களால் ஆனது. கூட்டுப்புழுப் பருவத்தின் குறிப்பிட்ட சில மணிநேரங்களில் கடுங்குளிரோ வெப்பமோ தாக்கினால் அதன் கோலம் மாறிவிடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வுகள் காட்டின. மரபணுவில் நேரும் சிறு மாற்றமும் அவ்வாறே கோலத்தை மாற்றும். ஆகவே பிறழ்வு எங்கோ வெளியிலிருந்து வந்து புகுந்த பகை அன்று. இயல்பான சிறகை நெய்யும் அதே தறியில்தான் பிறழ்ந்த சிறகும் நெய்யப்படுகின்றது.

இதற்குச் சான்று தேடிக் கடல்கடக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொல்லையே போதும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கரிய வண்ணத்துப்பூச்சியை நாம் அறிவோம். ஆங்கிலத்தில் அதனைக் ‘காமன் மார்மன்’ என்பர். அதன் பெண்கள் ஒரே உருவில் இருப்பதில்லை. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, ஆடுதீண்டாப்பாளை போன்ற நச்சுச் செடிகளை உண்டு வளரும் செவ்வுடல் வண்ணத்துப்பூச்சிகளின் உருவைப் போர்த்தியிருக்கும். பறவைகள் அதனை நஞ்சென்று நம்பி விலகிப்போகும். பாலின வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஒரே மரபணுவின் வேறுபாட்டால் இவ்வுருவங்கள் அமைகின்றன என்று 2014ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு காலத்தில் தனித்து நின்ற பிறழ்வு, இன்று அவ்வினத்தின் இயல்புகளுள் ஒன்றாகிவிட்டது. கோடு எங்கே கிடக்கின்றது என்று நாம் சொல்ல இயலுமா?

இவ்வினாவைத் திருச்சபை இன்று புதிதாக எதிர்கொள்ளவில்லை. புனித அகுஸ்தினார் ‘இறைவனின் நகர்’ என்னும் தம் நூலின் பதினாறாம் பகுதியில் இதனையே ஆராய்கின்றார். இன்றைய துனீசியாவில் பிசெர்த்தே என வழங்கும் ஊரில் அவர் காலத்தில் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய பாதங்கள் பிறை வடிவில் இருந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டே விரல்கள், கைகளும் அவ்வாறே. அகுஸ்தினார் அவரைக் குறிப்பிட்டு, மனிதராய்ப் பிறந்த எவரும், உருவம் எவ்வளவு மாறுபட்டிருப்பினும், ஆதாமின் வழிவந்த மனிதரே என்று உறுதிபடக் கூறுகின்றார். முழுமையைக் காண இயலாதவனுக்கே ஒரு பகுதி அழகற்றதாகத் தோன்றுகின்றது என்பது அவருடைய விளக்கம். படைத்தவர் எண்ணிக்கையில் தவறிவிட்டார் என்று கருதுவது அறியாமை என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இவ்விடத்தில் சிந்திப்போர் ஒரு தடை எழுப்புவர். அது நியாயமான தடையே. “எல்லாப் பிறழ்வும் இறைவனின் கைவண்ணமென்று கொண்டாடிவிட்டால் துன்பத்தின் காரணத்தை யார் ஆராய்வது?” என்று அவர்கள் கேட்பர். மான்செஸ்டரில் 1848ஆம் ஆண்டு கரிய நிற அந்துப்பூச்சி ஒன்று அரிய பிறழ்வாகக் கண்டெடுக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டுக்குள் அப்பகுதியில் அவ்வினத்தில் மிகப் பெரும்பாலானவை கருமையாகிவிட்டன. ஆலைப்புகை மரங்களைக் கருப்பாக்கியதால், வெளிறிய பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதாகப் பட்டு அழிந்தன. 1956ஆம் ஆண்டின் தூயகாற்றுச் சட்டத்திற்குப் பின்னர், புகை குறையக் குறைய, வெளிறிய நிறம் மீண்டது. சப்பானின் ஃபுகுஷிமாவில் 2011ஆம் ஆண்டு அணுஉலை விபத்து நேர்ந்தபின், புளியாரையை உண்டு வாழும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளின் சிறகிலும் கண்ணிலும் காலிலும் குறைபாடுகள் கண்டதாக அந்நாட்டு ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தனர். நமக்கு அண்டையில், கேரளத்துக் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அதனால் பிள்ளைகள் அடைந்த துயரை நாடறியும். 2011இல் உச்சநீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

ஆகவே, “யார் செய்த பாவம்?” என்னும் கேள்வி முற்றிலும் பொருளற்றதன்று. அது தவறான வாசலில் சென்று தட்டுகின்றது என்பதே குறை. துன்புறுவோரிடமும் அவரைப் பெற்ற தாயிடமும் பாவக் கணக்குக் கேட்பதை இயேசு தடுத்தார். இலையில் நஞ்சைத் தெளித்த கைகளிடம் கணக்குக் கேட்பதை அவர் தடுக்கவில்லை. நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழானது. தாயை விசாரிக்கின்றோம், தெளித்தவரை விட்டுவிடுகின்றோம். நஞ்சைத் தடுக்கப் போராடுவதும், நஞ்சால் மாறுபட்டுப் பிறந்த பிள்ளையை முழு மனிதராய் ஏற்பதும் ஒன்றற்கொன்று முரண்பட்டவை அல்ல. முன்னது நீதி, பின்னது அன்பு. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை.

இனி, ராய்ஸ்டன் புல்வெளிக்கே திரும்புவோம். பிறழ்ந்த சிறகைப் புதையலாகப் போற்றினார்களே, அந்த மதிப்பையாவது நாம் மாறுபட்ட மனிதருக்கு அளிக்கலாமே என்று தோன்றலாம். சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். அவ்வாறு போற்றப்பட்ட வண்ணத்துப்பூச்சியின் முடிவு என்ன? நச்சுப்புட்டி, ஊசி, பெயர்ச்சீட்டு, கண்ணாடிப் பேழை. அரியதென்று அறியப்பட்ட கணமே அதன் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. இயல்பான சிறகுடைய அதன் உடன்பிறப்போ தப்பிப் பறந்தது. மனிதரிடத்தும் இதற்கு நிகரான ஓர் அன்பு உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மேடையேற்றிப் பாடச்செய்து, கண்கலங்கிக் கைதட்டி, பரிசுப்பொதி கொடுத்துப் படமெடுத்து அனுப்பிவிடுகின்றோமே, அது எந்த வகை அன்பு? மறைத்து வைப்பதும் காட்சிக்கு வைப்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டுமே அவரோடு வாழ்வதைத் தவிர்க்கும் வழிகள்.

வேறொரு வழியும் உண்டு. அதனையும் வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்களே நமக்குக் காட்டுகின்றனர். 1976ஆம் ஆண்டு பிரித்தானியாவில் கணக்கெடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஓர் ஆர்வலர், தாம் தேர்ந்துகொண்ட ஒரே பாதையில், ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை 26 வாரங்கள், வாரம் ஒருமுறை நடக்கின்றார். தம் இருபுறமும் காணும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக் குறித்துக்கொள்கின்றார். எதையும் கொல்வதில்லை. அரியதற்கு ஒரு கோடு, எளியதற்கும் ஒரு கோடு. எவ்வினம் பெருகுகின்றது, எது நலிகின்றது, எந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் இவ்வெளிய நடையின் வழியாகவே தெரியவந்துள்ளது. பிற உயிரினங்களை நமக்குப் பயன்படும் பொருள்களாக மட்டும் கருதாமல், அவை தம்மளவிலேயே மதிப்புடையவை என்று உணரும்படி, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் நம்மைக் கேட்டுக்கொண்டார். அவ்வுணர்வு வெறும் கருத்தாக நில்லாமல் கால்களுக்கு இறங்கிவரும்போது இத்தகைய நடையாகின்றது.

நம் பங்கிலும் அப்படியொரு பாதை இருக்கின்றது. ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் வழியில், கதவு பாதி சாத்திய ஒரு வீட்டை நாம் கடந்துதான் செல்கின்றோம். உள்ளே ஒரு பிள்ளை இருப்பதும் நமக்குத் தெரியும். அதன் பெயர் பலருக்குத் தெரியாது. தாய் முதல் திருப்பலிக்கும் தந்தை இரண்டாம் திருப்பலிக்குமாகப் பிரிந்து வருவதையும் நாம் கவனித்திருப்போம். திருப்பலி நேரத்தில் அப்பிள்ளை குரல் எழுப்பினால் நம் தலைகள் திரும்பும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யானது என்று அவர்களுக்கு எடுத்துச்சொல்ல நம்மால் இன்று இயலாது. ஏனெனில் நம் தலைகள் திரும்பத்தான் செய்கின்றன. அந்த வீட்டின் முன் இவ்வாரம் ஒருமுறை நிற்போம். அப்பிள்ளையின் பெயரைக் கேட்டறிவோம். அடுத்த வாரமும் நிற்போம். மூவரும் ஒரே இருக்கையில் வந்து அமரும் ஞாயிறு வரும்வரை, அப்பாதையில் நடந்துகொண்டிருப்போம்.