மொழிப்பற்றும் பற்றுதானோ?

வீட்டையும் உறவையும் உடைமையையும் துறந்தவர் நம் முனிவர். எனினும் அவர்களுள் பலர் தமிழைத் துறந்தாரில்லை. திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணி பாடினார். பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அமிதசாகரர் யாப்பிலக்கணம் வகுத்தார். பற்றறுத்தலே வீடுபேற்றுக்கு வழி என்று கற்பித்தோர் எழுத்தையும் சீரையும் எண்ணி அமர்ந்திருந்தது எங்ஙனம் பொருந்தும்? மொழியின்பால் கொண்ட அன்பும் வினையைக் கட்டும் பற்றுகளுள் ஒன்றுதானோ?

இவ்வினாவிற்கு விடை காண வாமன முனிவரை நினைத்தல் தகும். பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற காஞ்சியை அடுத்து, வேகவதிக் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றமே நம் ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தோடு தொடர்புடையவர் அப்பெரியார். அவர்தம் மாணாக்கர் புஷ்பசேனரின் சொற்படியே, விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1387-88இல் அவ்வாலயத்தில் சங்கீத மண்டபம் எடுப்பித்தார்.

வாமன முனிவர் வடமொழியிலும் புலமை மிக்கவர். ஆயினும் விமலநாத தீர்த்தங்கரரின் கணதரர்களாகிய மேரு, மந்தரர் வரலாற்றைத் தமிழிலேயே பாடினார். அதுவே மேருமந்தர புராணம். நீலகேசிக்குச் சமய திவாகரம் என்னும் உரையும் வரைந்தார். நீலகேசியை இயற்றியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தம் பெயரையும் விட்டுச் செல்லாத ஒருவரின் சொற்களுக்குப் பொருள் விளக்குவதில் அப்பெரும்புலவர் தம் ஆற்றலைச் செலவிட்டார்.

பற்று என்பது 'எனது' என்னும் எண்ணமன்றோ? எனதே உயர்ந்தது என்று பிறமொழியை இகழ்வோமாயின், அது மானம் என்னும் கஷாயமே, ஐயமில்லை. பகவான் மகாவீரர் மக்கள் பேசிய அர்த்தமாகதியில் அறம் உரைத்தார். கேட்போர் நெஞ்சில் அறம் புகும் வாயிலாகவே நம் முன்னோர் தமிழையும் போற்றினர். அவர்கள் அதனைப் பூட்டி வைக்கவில்லை. சாஸ்திர தானமாக வழங்கினர். பொன்னைக் கொடுத்தால் குறையும். கல்வியைக் கொடுத்தால் கொடுத்தவர்க்கும் வளரும்.

சைவ மரபில் வந்த உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியின் பொருள் தேடிக் குடந்தைச் சமணர் இல்லங்களை நாடினார். நம்மவர் அவரை அயலாராக எண்ணவில்லை. ஐயம் தீர்த்து அனுப்பினர். 1887இல் நூல் அச்சேறியது. கற்பித்தோர் 'எமது' என்று மறைத்திருப்பின் தமிழுலகம் எத்துணை இழந்திருக்கும்!

ஆதலின், மொழியன்பை அளக்க ஒரு கோல் உண்டு. அது நம்மைச் செருக்கச் செய்கிறதா, அன்றி அளந்து, இனிதாய், நன்மை பயக்கப் பேசும் பாஷா சமிதியில் நிறுத்துகிறதா? முன்னது பற்று, பின்னது நோன்பு.

பேராசிரியர் அ.சக்கரவர்த்தி நயினார் மேருமந்தர புராணத்தை 1923இலும், நீலகேசியை வாமனர் உரையுடன் 1936இலும் பதிப்பித்து நம் கையில் தந்தார். அவை நம் இல்லங்களில் பூசைக்குரிய பொருளாக மட்டும் இருத்தல் போதுமா? பொழுது சாயுமுன் உண்டு முடித்தபின் பிள்ளைகளுடன் நாளும் ஒரு செய்யுளேனும் படித்துப் பொருள் சொல்வோம். பெற்றதைக் கொடுத்தலே துறவியர் நமக்குக் காட்டிய மொழியன்பு.